போக வழி இருந்தவரை

வடசென்னையில் ஆட்டோவோ காரோ ஓட்டும் யாரிடமாவது 2015, 2016ஆம் ஆண்டுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். ஓலா, ஊபர் என்று ஆப் சவாரி இங்கே சூடு பிடித்த காலம் அது. ஒரு நாளில் இத்தனை ட்ரிப் முடித்தால் சவாரிக் காசுக்கு மேல் இன்சென்டிவ் தனியாக வந்து விழும். அதை நம்பித் தவணையில் கார் எடுத்தவர்கள் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

பயணிகளுக்கும் அது நல்ல காலம்தான். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதில் கூடுதலாக ஒரு நிம்மதி இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு தி. நகரில் நின்று ஆட்டோவைக் கைகாட்டி "வியாசர்பாடி" என்று சொன்னால், பாதிப் பேர் பதில்கூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். சிலர் "அந்த ஏரியாவா? வரலபா" என்பார்கள். இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னதற்காக நடுத்தெருவில் நிற்க வைக்கப்படுவது எப்படி வலிக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆப் வந்தபோது அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. பொத்தானை அழுத்தினோம், வண்டி வந்தது, ஏறி உட்கார்ந்தோம். "நம்மளையும் மதிச்சுக் கூட்டிட்டுப் போறாங்கப்பா" என்று என் அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது வண்டி வருவதற்கு முன்னால் போன் வருகிறது. "எங்க டிராப்? கேஷா, ஆன்லைனா?" இடத்தைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "நீங்களே கேன்சல் பண்ணிடுங்க." இன்னொரு வண்டி தேடினால் கட்டணம் ஏறியிருக்கிறது. இதில் எந்த ஆப் என்பது முக்கியமில்லை. ஓட்டுநர்மேல் பழி போட்டு முடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணன் கார் ஓட்டினார். முதலில் இன்சென்டிவ் குறைந்தது. அப்புறம் அதை வாங்குவதற்கான ட்ரிப் எண்ணிக்கை கூடியது. அப்புறம் கமிஷன் கூடியது. தவணை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் வண்டியை ஃபைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போனார். 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூரிலும் ஓலா, ஊபர் ஓட்டுநர்கள் நாள்கணக்கில் வண்டியை நிறுத்திப் போராடியது இதே காரணங்களுக்காகத்தான்.

அந்த நல்ல காலத்துக்கான காசு எங்கிருந்து வந்தது? பயணி கொடுத்தது கொஞ்சம், ஓட்டுநர் வாங்கியது அதிகம். நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பியது முதலீட்டாளர்களின் பணம். ஜப்பானின் முதலீட்டு நிறுவனமான சாஃப்ட்பேங்க் ஓலாவிலும் போட்டது, ஊபரிலும் போட்டது. ஊபர் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கோடி டாலர் நஷ்டம் காட்டிக்கொண்டே 2019 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தைக்கு வந்தது. போட்டவர்கள் ஒருநாள் திருப்பி எடுக்கத்தான் போடுகிறார்கள். இது ரகசியமும் இல்லை, குற்றமும் இல்லை. என் கேள்வி வேறு. எடுக்கத் தொடங்கியபோது நாம் ஏன் எழுந்து போகவில்லை?

கோரி டாக்டரோவ் என்ற கனடாக்காரர் 2022 முதல் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார். ஒரு தளம் முதலில் பயனர்களை நன்றாகக் கவனித்துக்கொள்கிறது. அவர்கள் அங்கேயே ஊறிப்போன பிறகு, அவர்களைக் காட்டி விளம்பரம் கொடுப்பவர்களையும் விற்பவர்களையும் இழுக்கிறது. அவர்களுக்கும் வேறு வழியில்லை என்றானதும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துத் தன் பங்குதாரர்களுக்குக் கொடுக்கிறது. இந்த வரிசையைப் படித்தபோது எங்கள் தெரு அண்ணனின் கதையை யாரோ முன்பே எழுதி வைத்ததுபோல இருந்தது.

பேராசை வந்து கெட்டுப்போனார்கள் என்று பலரும் இதைச் சொல்லி முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஆசை முதல் நாளிலிருந்தே இருந்தது. சில இடங்களில் நல்லெண்ணமும் இருந்தது. கூகுளைத் தொடங்கிய செர்கே பிரின்னும் லாரி பேஜும் 1998இல் மாணவர்களாக இருந்தபோது எழுதிய ஆய்வுக் கட்டுரையில், விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுகிறவரின் தேவையிலிருந்து விலகிப்போகும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டே ஆண்டில், 2000இல், கூகுளின் விளம்பர வியாபாரம் தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய ஜான் கோமும் பிரையன் ஆக்டனும் விளம்பரத்தை வெறுத்தவர்கள். ஏன் விளம்பரம் விற்க மாட்டோம் என்று 2012இல் வெளிப்படையாகவே எழுதினார்கள். 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலர் சொல்லி வாட்ஸ்அப்பை வாங்கியது. இரண்டு தளங்களின் கணக்குகளையும் தானாக இணைக்க இயலாது என்று ஐரோப்பிய அதிகாரிகளிடம் சொல்லித்தான் வாங்கியது. 2016இல் தரவுப் பகிர்வு தொடங்கியது. தவறான தகவல் கொடுத்ததற்காக 2017இல் ஐரோப்பிய ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆக்டன் வெளியேறி, 5 கோடி டாலர் போட்டு சிக்னல் என்ற மெசேஜ் ஆப்புக்கு அறக்கட்டளை அமைத்தார். 2025 ஜூனில், ஸ்டேட்டஸ் பார்க்கும் பக்கத்தில் விளம்பரம் வரும் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

தொடங்கியவரின் வாக்கு, அவர் கையைவிட்டு நிறுவனம் போனதும் முடிந்துபோகிறது. அதன்பிறகு மேலே இருப்பவரைத் தடுத்து நிறுத்துவது ஒன்றுதான்: இதைச் செய்தால் ஆட்கள் போய்விடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை தளம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. அது போன அன்றே சரிவு தொடங்குகிறது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

காசிமேட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விசைப்படகுக்கு இன்ஜின் வேலை வருகிறது, வலை கிழிகிறது, டீசலும் ஐஸும் ஏற்ற வேண்டும். வியாபாரி ஒருவர் முன்பணம் கொடுக்கிறார். வட்டியென்று பெரிதாக எதுவும் கேட்பதில்லை, திருப்பிக் கொடு என்று நெருக்குவதும் இல்லை. பிடித்து வரும் மீன் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து வியாபாரி வஞ்சிரத்துக்கு அதிக விலை சொன்னாலும் படகுக்காரர் அங்கே போக முடியாது. போக வேண்டுமென்றால் மொத்த முன்பணத்தையும் ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். அந்த வியாபாரி நல்லவராகவே இருக்கலாம். அவர் சொன்னதுதான் விலை.

இணையத் தளங்களில் அந்த முன்பணம் நம் சொந்தக்காரர்கள், நண்பர்கள், வாடிக்கையாளர்கள், பழைய போட்டோக்கள், சேர்த்துவைத்த ரேட்டிங். நாமே சேர்த்தது அத்தனையும். வெளியே போனால் எதுவும் கூட வராது.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் புதிய விதிகளை ஏற்றால்தான் தொடரலாம் என்று அறிவிப்பு வந்தபோது, ஒரே வாரத்தில் சிக்னலின் சர்வர் திணறும் அளவுக்குக் கூட்டம் அங்கே போனது. எங்கள் குடும்ப குரூப்பும் போனது. சித்தப்பாதான் எல்லாருக்கும் போன்போட்டு இன்ஸ்டால் செய்ய வைத்தார். ஆனால் பள்ளிக்கூட குரூப் இங்கே. கேஸ் சிலிண்டர் பதிவு இங்கே. தண்ணி கேன் போடுபவர் இங்கே. கோயில் திருவிழா வசூல் குரூப் இங்கே. கொஞ்ச நாளில் சிக்னலில் சித்தப்பாவின் குட்மார்னிங் மட்டும் மிஞ்சியது. எல்லாரும் ஒரே நாளில் போனால் போகலாம். அந்த ஒரே நாளை யாராலும் குறிக்க முடியவில்லை. அந்த 2021 விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு (ஃபேஸ்புக் நிறுவனத்தின் இன்றைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏற்றுக்கொள், இல்லையென்றால் போ என்று சொல்லும் இடத்தில் ஒரு நிறுவனம் இருந்ததுதான் அந்த வழக்கின் மையம். போக இடமில்லாதவரிடம் வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை என்று நானும் நினைக்கிறேன்.

குடும்பப் பேச்சைவிடப் பிழைப்பு மாட்டிக்கொள்ளும்போதுதான் இது உண்மையிலேயே இறுக்குகிறது. என் அண்ணி பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்கிறார். எம்.சி. ரோட்டிலும் சௌகார்பேட்டையிலும் மொத்த விலைக்கு எடுத்து, போட்டோ பிடித்துப் போடுவார். அண்ணன் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு வீட்டை நிமிர்த்தியது இந்த வியாபாரம்தான், அதனால் இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிதானம் குறைவு. ஆரம்பத்தில் ஒரு பட ஆப்பில் போட்டோ போட்டால், பின்தொடரும் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. காலையில் போட்ட சேலை மதியத்துக்குள் "சோல்ட்" ஆகிவிடும். மதுரையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. நாத்தனார், கொழுந்தியாள், பக்கத்து வீடு என்று பார்க்கிற எல்லாரிடமும் அண்ணியே அந்த ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொன்னார்.

அப்புறம் போட்டோ போய்ச் சேருவது குறைந்தது. வீடியோ போட்டால்தான் போகும் என்றார்கள். சேலையைக் கட்டிக்கொண்டு கேமரா முன்னால் நிற்கக் கூச்சப்படுகிறவர் அண்ணி. அதையும் செய்தார். கொஞ்ச நாள் நன்றாகப் போனது. பிறகு அதுவும் குறைந்தது. காசு கட்டி பூஸ்ட் பண்ணச் சொல்லிப் பொத்தான் வந்தது. தன் கடையைப் பார்க்கிறேன் என்று தாமாகவே வந்து சேர்ந்தவர்களிடம் தன் சேலையைக் காட்டுவதற்கு அண்ணி காசு கட்டுகிறார். இதைவிட எளிமையாக எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. கட்டினால் வருபவர்களில் பாதிப் பேர் எந்த ஊர், எதற்கு வந்தார்கள் என்றே தெரியவில்லை.

எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய இதுதான். ஃபேஸ்புக்கில் பக்கம் வைத்திருந்த கடைக்காரர்கள் பதிவு போய்ச் சேரவில்லை என்று முறையிட்டபோது, அந்த நிறுவனமே 2014இல் அதை ஒப்புக்கொண்டு விளக்கம் எழுதியது: பதிவுகள் பெருகிவிட்டன, எல்லாவற்றையும் எல்லாருக்கும் காட்ட முடியாது என்று. அது பொய்யில்லை. ஆனால் காசு கட்டியவரின் பதிவுக்கு அந்த நெரிசலில் இடம் கிடைத்தது.

"விட்டுட வேண்டியதுதானே அண்ணி" என்று ஒருமுறை கேட்டேன். "எங்க போறது? எல்லாரும் அதுக்குள்ளதானே இருக்காங்க" என்றார். அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். பின்தொடர்பவர்களின் பட்டியல் அண்ணியிடம் இல்லை. பெயர் தெரியும், படம் தெரியும், பலருடைய போன் நம்பர் தெரியாது. எம்.சி. ரோட்டில் கடை வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் சாமானை மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகலாம், பழைய கடை வாசலில் ஒரு அட்டையில் புது விலாசம் எழுதி ஒட்டலாம். இங்கே அட்டை ஒட்டவும் இடமில்லை. வேறு ஆப்பின் பெயரை எழுதினால் அந்தப் பதிவை யாருமே பார்ப்பதில்லை என்று அண்ணியோடு வியாபாரம் செய்கிற பெண்கள் எல்லாரும் நம்புகிறார்கள். அது உண்மையா என்று சோதிக்கக்கூட அவர்களுக்கு வழியில்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் பயந்து எழுதாமல் இருக்கிறார்கள்.

பிரியாணிக் கடைக்கும் இதே சங்கடம்தான். உணவு ஆப் வழியாக ஆர்டர் செய்கிறவரின் போன் நம்பர் கடைக்குத் தெரியாது என்பது, தேசிய உணவகச் சங்கம் 2021இல் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோன புகார்களில் ஒன்று. 2022 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவானது. பத்து வருடம் ஒரே கடையில் சாப்பிடுகிறவரை அந்தக் கடை பாய்க்கு யாரென்றே தெரியாமல் வைத்திருந்தால், கமிஷனை ஏற்றும்போது பாய் என்ன செய்வார்? சாப்பிடும் நமக்கும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் 2 ரூபாயாக ஸ்விகியில் தொடங்கிய பிளாட்ஃபார்ம் கட்டணம் சில மாதங்களில் ஸொமாட்டோவுக்கும் வந்தது. 2025இல் இரண்டிலும் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சில ரூபாய்தான் ஏறியது. அந்தச் சில ரூபாய்க்காக யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்பது தெரிந்துதான் ஏற்றுகிறார்கள்.

காசைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த ஊர் ட்விட்டரைப் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எங்கே படகு தேவை, எந்தக் கல்யாண மண்டபம் திறந்திருக்கிறது, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று முகம் தெரியாதவர்கள் எழுத, முகம் தெரியாதவர்கள் அதைத் தொகுத்து அட்டவணை போட்டார்கள். பதிவுகள் நேர வரிசையில் வந்தன. கணக்கு இல்லாதவரும் இணைப்பைத் திறந்து படிக்க முடிந்தது. வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் அந்தப் பதிவுகளைத் திரட்டும் நிரல் எழுத முடிந்தது. அரசு மூன்று நாள் தாமதமாகச் செய்திருக்கக்கூடிய வேலையைக் கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தளத்துக்கு எக்ஸ் என்று பெயரே மாறியிருந்தது. 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கிய பிறகு நடந்தவை வரிசையாக இருக்கின்றன. வெளி நிரல்களுக்கான இலவச வழி 2023 தொடக்கத்தில் மூடப்பட்டது. நீல டிக் காசு கட்டியவருக்கு என்றானது, கட்டியவரின் பதில்கள் மேலே வந்தன. கணக்கு இல்லாதவர்கள், இன்னொருவரின் பதிவுகளை வரிசையாகப் படிக்கும் வழியும் அந்த ஆண்டின் நடுவில் அடைபட்டது. அந்தப் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கசிந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று குப்பம் குப்பமாகப் படகிலும் வலையிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மீனவர்களே வாளியிலும் மக்கிலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். அந்த வாரம் நான் அங்கிருந்து வந்த வீடியோக்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். எது இன்றைக்கு எடுத்தது, எது பழையது, எழுதுபவர் எண்ணூரிலிருக்கிறாரா வேறெங்கோ உட்கார்ந்து பார்வைக்கணக்கு சேர்க்கிறாரா என்று பிரித்தறிவதற்குள் பொழுது போய்விட்டது. உதவி செய்ய நினைத்தவர்கள் பலர். அவர்களைச் சேர்த்துவைத்த இடம் கெட்டுப்போயிருந்தது. எட்டு வருடத்தில் போன்கள் மேம்பட்டன, இணைய வேகம் கூடியது, கேமரா கூடியது. அப்படியிருந்தும் ஒரு ஆபத்து நேரத்தில் நாம் 2015இல் இருந்ததைவிடப் பின்னால் இருந்தோம். இதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

இது இயற்கை விதி, எல்லாம் ஒருநாள் கெடத்தான் செய்யும் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். கெடாமல் வைத்திருக்கும் வழி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. டி.எச். ரோட்டில் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்கும் கியூஆர் அட்டையைப் பாருங்கள். அட்டை ஒரு கம்பெனியுடையது, நான் காசு அனுப்பும் ஆப் இன்னொன்றுடையது, கடைக்காரரின் வங்கி வேறொன்று. காசு போய்ச் சேருகிறது. 2016இல் வந்த யுபிஐ அப்படிக் கட்டப்பட்டது. போதாததற்கு 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது: தன் ஆப்பில் மட்டும் வேலை செய்யும் கியூஆரை இனி யாரும் புதிதாகக் கொண்டுவரக் கூடாது, இருப்பவர்களும் 2022 மார்ச்சுக்குள் பொதுவானதற்கு மாற வேண்டும் என்று.

இதன் அருமை 2024 ஜனவரி 31 அன்று தெரிந்தது. பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த செய்தி வந்ததும் எங்கள் தெருவில் எல்லாருக்கும் பதற்றம். மாவுக்கடை அக்கா என்ன செய்தார்? வேறொரு கம்பெனியின் ஆளை வரச்சொன்னார். புது அட்டையும் புது சவுண்ட் பாக்ஸும் வந்தன. அடுத்த நாள் காலையில் இட்லி மாவு வாங்க வந்த ஒரு வாடிக்கையாளரும் போனில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எழுந்து போவது இவ்வளவு சுலபமாக இருக்க முடியும். யுபிஐயிலும் கவலை உண்டு. போன்பேயும் கூகுள்பேயும் சேர்ந்து ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. ஒரு ஆப்புக்கு 30 சதவீதம்தான் என்ற வரம்பைத் தள்ளித் தள்ளி 2026 கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனாலும் இவற்றில் ஒன்று நாளைக்கே நம்மைப் படுத்தினால் சாயங்காலத்துக்குள் மாறிவிடலாம். அது அவர்களுக்கும் தெரியும்.

செல்போன் நம்பரும் அப்படித்தான். 2011 ஜனவரியில் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை நாடு முழுக்க வந்தது. எந்தக் கம்பெனியும் ஆசைப்பட்டுக் கொடுத்த உரிமை இல்லை அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி.

ஆட்டோ விஷயத்திலும் ஒரு திருப்பம் நடந்தது. பெங்களூரில் 2022 கடைசியில் ஓட்டுநர் சங்கத்தின் ஆதரவோடு நம்ம யாத்ரி என்ற ஆப் வந்தது. ட்ரிப்புக்கு இவ்வளவு கமிஷன் என்று பிடிக்காமல், ஓட்டுநர் நாளுக்கு 25 ரூபாய் போலக் கட்டினால் போதும், சவாரிக் காசு முழுக்க அவருக்கு. 2024இல் சென்னைக்கும் வந்தது. ஓட்டுநர் ஒரே போனில் மூன்று ஆப்பைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், அவரைத் தடுக்க முடியாது. ரேபிடோ ஆட்டோவுக்கு அதே முறைக்கு மாறியது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோவுக்கு கமிஷனை விட்டது, பிறகு ஓலாவும். அத்தனை வருடப் போராட்டத்தால் அசையாதது, ஓட்டுநருக்குப் போக ஒரு இடம் கிடைத்ததும் அசைந்தது.

பயணிக்கு அந்த அளவு நல்லது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கமிஷன் போனதோடு கட்டணத்துக்கான பொறுப்பையும் ஆப்புகள் இறக்கி வைத்துவிட்டன. திரையில் ஒரு தொகை, நேரில் ஒரு பேச்சு. 2013இல் வைத்த மீட்டர் கட்டணத்தை அரசு பத்து வருடத்துக்கு மேல் திருத்தாமலே விட்டதில் சங்கங்கள் தாங்களாகவே 2025 பிப்ரவரியில் புதுக் கட்டணம் அறிவித்தன. வண்டி வருவதற்கு முன்பே டிப்ஸ் கேட்கும் முறைக்காக 2025 மே மாதம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஊபருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆணையம் 2023இல் பயனரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அடைத்து வைத்துக்கொண்டு அடிக்காதே என்று சொல்வதோடு அது நிற்கிறது. கதவைத் திற என்று சொல்லும் சட்டம்தான் எனக்கு முக்கியம்.

ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து பெரிய தளங்களுக்கு அப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற தளங்கள், கேட்கும் மற்ற மெசேஜ் ஆப்புகளோடு பேசும் வழியைத் திறக்க வேண்டும் என்பது அதில் உண்டு. வாங்கி விழுங்குவதைத் தடுப்பது மட்டும் போதாது என்பதையும் அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவது மேல் என்று ஃபேஸ்புக்கின் ஸக்கர்பெர்க் 2008இல் எழுதிய மின்னஞ்சல் வெளியே வந்த பிறகும், இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் வாங்கியதற்காக மெட்டாமேல் போட்ட வழக்கில் 2025 நவம்பரில் அரசுத் தரப்பு தோற்றது. கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியதாக 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்புச் சொன்னார். ஆப்பிள் போன்களில் முதல் தேடுபொறியாக இருப்பதற்கு மட்டும் 2022இல் கூகுள் 2,000 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில்தான் வெளிவந்தது. நாம் வேறு பக்கம் திரும்பிவிடக் கூடாது என்பதற்குக் கொடுத்த விலை அது.

நம் நாட்டில் டிஜிட்டல் போட்டிச் சட்டத்தின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. பயனர் தன் தரவைக் கையோடு எடுத்துப்போக வழி செய்யும் கடமை அந்த வரைவில் இருக்கிறது. அது இன்னும் சட்டமாகவில்லை. இதை டெல்லியில் பெரிய வக்கீல்கள் பேசும் விஷயமாக விட்டுவிடுகிறோம். அண்ணியின் சேலைக் கடைக்கு இதைவிட நெருக்கமான சட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பின்தொடர்பவர்களுக்கு "நான் இங்கே மாறிவிட்டேன்" என்று ஒரு தகவல் அனுப்பும் உரிமை. வேறு ஆப்பில் இருந்துகொண்டே அவர்களுக்குச் சேலை காட்டும் உரிமை. சேர்த்த நல்ல பெயரையும் ரேட்டிங்கையும் கூடவே கொண்டுபோகும் உரிமை. இவை கிடைத்த மறுநாளே பூஸ்ட் பொத்தானின் விலை இறங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை அண்ணி சும்மா இல்லை. பார்சலோடு ஒரு சீட்டு வைக்கத் தொடங்கியிருக்கிறார்: அவருடைய போன் நம்பர், எந்தக் கிழமை புதுச் சரக்கு வரும் என்ற விவரம். திருப்பி அழைப்பவர்களின் நம்பரை ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைக்கிறார். நான் அந்தச் சட்ட வரைவை உட்கார்ந்து படித்து, சின்ன வியாபாரிகளுக்குச் சம்பந்தப்பட்ட பகுதிகளை மட்டும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அரசு மறுபடி கருத்துக் கேட்டால் அனுப்பவும், நம் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் கொடுக்கவும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டிலிருந்து துணி, கருவாடு, ஊறுகாய், நகை என்று ஆப் வழியாக விற்கிறவர்கள் இருந்தால் உங்கள் கணக்கு முடங்கியது, கமிஷன் ஏறியது, வாடிக்கையாளரை இழந்தது எதுவானாலும் தேதியோடு எழுதி அனுப்புங்கள். அதில் சேர்த்துக்கொள்கிறேன்.